முள்ளங்கி வளைந்த பிறகே உப்பு: வீட்டில் தக்குவான்

தக்குவான் என்ற ஜப்பானிய முள்ளங்கி ஊறுகாயின் செய்முறையைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது வினிகர், சர்க்கரை, மஞ்சள்தூள் சேர்த்து மூன்றே நாளில் முடிக்கும் ஊறல்தான். அதுவும் சுவையாகவே இருக்கும். ஆனால் ஜப்பானியக் கிராமத்து வீடுகளில் குளிர்காலத்துக்கென்று மரத்தொட்டியில் போட்டுவைக்கும் தக்குவானில் வினிகர் ஒரு சொட்டும் கிடையாது. காய்ந்த முள்ளங்கி, அரிசித் தவிடு, உப்பு, மேலே ஒரு கல். அடிப்படை இவ்வளவுதான். மற்றதைக் குளிரும் நுண்ணுயிர்களும் பார்த்துக்கொள்ளும்.

செய்முறைகள் எல்லாம் தொட்டியிலிருந்து தொடங்குகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொடியில் தொங்கும்போதே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடுகிறது. முள்ளங்கி எவ்வளவு காய்ந்தது என்பதுதான் உப்பின் அளவையும், எத்தனை மாதம் தாங்கும் என்பதையும், கடிக்கும்போது நறுக்கென்று இருக்குமா வழவழக்குமா என்பதையும் முடிவு செய்கிறது. அதனால் காயவைப்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

முள்ளங்கி

இலையோடு இருக்கும் வெள்ளை முள்ளங்கி வேண்டும். ஒவ்வொன்றும் 700 கிராமிலிருந்து 1 கிலோ வரை, மெலிந்து நீண்டு, தலை முதல் வால் வரை ஏறக்குறைய ஒரே பருமனாக இருந்தால் நல்லது. குண்டு முள்ளங்கி வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். உள்ளே பஞ்சு விழுந்திருக்கிறதா என்று அறுக்காமலே பார்க்கலாம். வெளிப்பக்கத்து இலைத்தண்டு ஒன்றை அடியில் ஒடித்துப் பாருங்கள். தண்டின் நடுவில் துளை விழுந்திருந்தால் கிழங்கிலும் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். பஞ்சு விழுந்த முள்ளங்கியைக் காயவைத்தாலும் ஊறவைத்தாலும் அது பஞ்சுதான்.

ஜப்பானில் இதற்கென்றே பெயர்பெற்ற ரகங்கள் இருந்தன. தோக்கியோவின் நெரிமா முள்ளங்கி, மிஎ மாவட்டத்து இசே தக்குவானுக்கான மிசோனோ முள்ளங்கி எல்லாம் நீளமானவை, நீர் குறைந்தவை, சதை இறுகியவை. 1970களிலிருந்து சந்தையைப் பிடித்தது பச்சைக்கழுத்து முள்ளங்கி. பச்சையாகத் துருவித் தின்னவும் வேகவைக்கவும் அருமையானது. ஆனால் நீர் அதிகம். நமக்குக் கையில் கிடைப்பது எந்த ரகமானாலும், நீர் அதிகமென்றால் இன்னும் சில நாள் காயவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

காயவைத்தல்

மண்போகக் கழுவுங்கள், தோலைச் சீவாதீர்கள். நொதித்தலைத் தொடங்கிவைக்கும் பாக்டீரியாவில் ஒரு பகுதி அந்தத் தோலில்தான் இருக்கிறது. காய்ந்த பிறகு கடிக்கு அழுத்தம் தருவதும் தோல்தான். இரண்டிரண்டு முள்ளங்கியாக இலைகளைச் சேர்த்துக் கட்டி, கழியின் இருபுறமும் ஒவ்வொன்று தொங்குமாறு போடுங்கள். ஒன்றோடொன்று உரசக்கூடாது. உரசும் இடத்தில் ஈரம் தங்கி முதலில் அங்கேதான் கறுக்கும்.

வெயிலை விடக் காற்று முக்கியம். பகலில் 5 முதல் 15 டிகிரி வரையிலான குளிர்ந்த வறண்ட காற்று மிகச் சிறந்தது. மியாசாக்கி மாவட்டத்தின் தானோ, கியோதாகே பகுதிகளில் குளிர்காலத்தில் மூங்கிலால் ஆறு மீட்டர் உயரப் பரண்கள் எழுப்பி ஆயிரக்கணக்கில் முள்ளங்கியைத் தொங்கவிடுகிறார்கள். வானித்சுகா மலையிலிருந்து இறங்கும் உலர்ந்த காற்றுதான் அங்கே வேலை செய்கிறது. மழையோ உறைபனியோ வரும் இரவில் பரணை மூடி, உள்ளே அடுப்பு மூட்டிக் காக்கிறார்கள். காரணம் எளியது. முள்ளங்கி உறைந்தால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடும். உருகிய பிறகு அது நார் நாராகத்தான் கிடக்கும். எந்த உப்பாலும் அதை மீட்க முடியாது. வீட்டில் செய்பவர்களும் உறைபனி இரவுகளில் உள்ளே எடுத்துவைக்க வேண்டும், அல்லது போர்வை போட்டு மூட வேண்டும். மழையில் ஒருநாள் நனைந்தாலே தோலில் பூசணம் பிடிக்கும்.

எப்போது போதும்? நாட்களை எண்ணாதீர்கள், வளைத்துப் பாருங்கள். பத்து நாள் முதல் இரண்டு வாரத்தில் தலையையும் வாலையும் பிடித்து வளைத்தால் ஒடியாமல் லாடம் போல் வளைய வேண்டும். எடை தொடக்கத்தில் இருந்ததில் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வந்திருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் தின்று முடிக்கும் தக்குவானுக்கு இது போதும். கோடைவரை வைக்க வேண்டுமானால் மூன்று வாரம் விட்டு, இரு முனையும் தொடும் வளையமாக வளையும்வரை காயவிடுகிறார்கள். அப்போது எடை மூன்றில் ஒரு பங்கு ஆகியிருக்கும். பலர் அவசரப்படுவது இங்கேதான். ஆறாம் நாளே தோல் சுருங்கி, காய்ந்தது போலத் தெரியும். நடுப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கெட்டியாக ஒரு தண்டு தட்டுப்பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்ததும் இலையை வெட்டித் தனியே வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது. முள்ளங்கியைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். தடித்த பகுதியிலிருக்கும் ஈரம் மெலிந்த பகுதிக்குப் பரவி, வளைத்து அடுக்கவும் எளிதாகும். இதைத் தவிர்த்தால் வால் உப்புக் கரிக்கும், தலை சப்பென்றிருக்கும்.

கணக்கு

5 கிலோ பச்சை முள்ளங்கி காய்ந்து 2 கிலோ வந்தது என்று வைத்துக்கொண்டால்:

அரிசித் தவிடு 300 கிராம் (15%)
உப்பு 120 கிராம் (6%)
சர்க்கரை 40 கிராம் (2%)
காய்ந்த மிளகாய் 3, விதை நீக்கியது
கொம்பு எனும் கடற்பாசி, விரல் நீளத்தில் இரண்டு துண்டு, மெல்லிய கீற்றாக
காய்ந்த சீமைப்பனிச்சைத் தோல் ஒரு கைப்பிடி, காய்ந்த ஆரஞ்சுத் தோல் கொஞ்சம் (கிடைத்தால்)

சதவீதம் எல்லாமே காய்ந்த பிறகு நிறுத்த எடையின் மேல். பச்சை எடைக்கு 6 சதவீதம் என்று 300 கிராம் உப்பைப் போட்டால் காய்ந்த எடைக்கு அது 15 சதவீதம் ஆகிவிடும்; வாயில் வைக்க முடியாது. மாறாக, அரைகுறையாகக் காய்ந்து 3 கிலோ இருக்கும்போது 2 கிலோ என்று நினைத்து 120 கிராம் போட்டால் 4 சதவீதம்தான். சில வாரத்திலேயே புளித்து இளகும். கரண்டிக் கணக்கு வேண்டாம். கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் ஒரு கரண்டியில் எடை வெகுவாக மாறும். தராசில் நிறுங்கள். பிப்ரவரிக்குள் தீர்ந்துவிடும் என்றால் 5 முதல் 6 சதவீதம், வசந்தகாலம் முடியும்வரை என்றால் 7 முதல் 8, கோடையைத் தாண்ட வேண்டுமென்றால் 10 சதவீதமும் அதற்கு மேலும்.

தவிடு அன்றன்றைக்கு அரைத்ததாக இருக்க வேண்டும். நெல்லை அரைத்த கணத்திலிருந்தே தவிட்டிலுள்ள எண்ணெயை அதிலிருக்கும் நொதி சிதைக்கத் தொடங்குகிறது. சில நாளில் காறல் வாடை வரும். அந்தக் கசப்பு அப்படியே முள்ளங்கியில் ஏறும். உடனே பயன்படுத்த முடியாவிட்டால் வெறும் வாணலியில் சிறுதீயில் வாசம் வரும்வரை வறுத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். வறுத்தால் தவிட்டிலுள்ள பாக்டீரியா செத்துவிடும் என்பது உண்மைதான். தோல் சீவாத முள்ளங்கி அந்தக் குறையைத் தீர்த்துவிடும். நம் ஊர்ச் சிறு மில்களில் கிடைக்கும் தவிட்டில் உமித்துகள் கலந்திருக்கும், சல்லடையில் சலித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் எடுத்த தவிடு மாட்டுத் தீவனத்துக்குச் சரி, இதற்கு ஆகாது.

அடுக்குவது

தவிடு, உப்பு, சர்க்கரை, மிளகாய், கொம்பு, பழத்தோல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் வாளியோ பீங்கான் ஜாடியோ போதும். உலோகம் வேண்டாம், உப்பும் அமிலமும் அரித்துவிடும். உள்ளே தடித்த உணவுத்தரப் பையை விரித்தால் பின்னால் மூடுவது எளிது.

அடியில் ஒரு கைப்பிடித் தவிட்டுக் கலவை. அதன்மேல் முள்ளங்கியைத் தலை வாலாக மாற்றி மாற்றி, இடைவெளியே இல்லாமல் அடுக்குங்கள். சந்து விழுந்தால் காய்ந்த இலையையோ முள்ளங்கித் துண்டையோ திணியுங்கள். சந்தில் தங்கும் காற்றுதான் பின்னால் வரும் பூசணத்துக்கு வீடு. ஒவ்வொரு அடுக்குக்கும் மேல் கலவை, பிறகு கையை மடக்கிப் பலங்கொண்டு அழுத்துங்கள். கடைசி அடுக்கின் மேல் கலவையைத் தாராளமாகப் போட்டு, ஒதுக்கிவைத்த காய்ந்த இலைகளால் மூடுங்கள். வாளிக்குள் இறங்கும் உள்மூடியை வைத்து, முள்ளங்கியின் எடையைப் போல இரண்டு மடங்கு பாரம் ஏற்றுங்கள். 2 கிலோவுக்கு 4 கிலோ. தண்ணீர் நிரப்பிய பாட்டில்களே போதும்.

ஒரு வாரத்துக்குள் உப்புநீர் உள்மூடிவரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் முள்ளங்கி அளவுக்கு மேல் காய்ந்திருக்கும், அல்லது பாரம் போதாது. காத்திருக்காதீர்கள். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீருக்கு 60 கிராம் உப்பு கரைத்து, ஓரமாக ஊற்றி மூழ்கச் செய்யுங்கள். வெறும் தண்ணீரை ஊற்றினால் மேலடுக்கின் உப்பு நீர்த்துக் கெடும். நீர் ஏறியதும் பாரத்தைப் பாதியாக, அதாவது முள்ளங்கியின் எடை அளவுக்குக் குறையுங்கள். முதலில் வைத்த பாரத்தையே விட்டுவைத்தால் முள்ளங்கி நசுங்கித் தட்டையாகி நாராகும்.

15 டிகிரிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒரு மாதத்தில் தின்னலாம். இரண்டாம் மூன்றாம் மாதம்தான் சுவை கூடிவரும். மேலிருந்து எடுக்கும்போதெல்லாம் மீதியைத் தவிட்டால் மூடி, பாரத்தைத் திரும்ப வையுங்கள்.

மஞ்சளும் வாடையும்

கடைத் தக்குவானின் பளீர் மஞ்சள் பெரும்பாலும் சேர்த்த நிறம். கார்டேனியாக் காய், மஞ்சள், செயற்கை நிறமி என்று மூன்றும் பயனில் இருக்கின்றன. எதுவும் சேர்க்காவிட்டாலும் தக்குவான் மெல்ல மஞ்சளாகும். முள்ளங்கியின் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மம் ஊறும்போது சிதைந்து, அமினோ அமிலமான டிரிப்டோஃபானோடு சேர்ந்து மஞ்சள் நிறமியாகிறது. திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் அந்த வாடையும் அதே சிதைவில் பிறக்கும் கந்தக வாயுதான். எனவே வாடை வந்ததும் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். அடர்பழுப்பாக மாறினால் வெப்பம் அதிகம் அல்லது நாள் அதிகம் என்று பொருள். குளிர்ச்சியில் வைத்தது வெளிர்மஞ்சளாகவே நிற்கும். நிறம் வேண்டுமென்றால் கார்டேனியாக் காய் இரண்டை நசுக்கித் தவிட்டில் போடுங்கள். மஞ்சள்தூள் போட்டால் கால் தேக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள், அதன் வாசம் முள்ளங்கியை அமுக்கிவிடும்.

கெட்டுப்போகும் விதங்கள்

உப்புநீரின் மேல் வெள்ளை ஆடை படர்ந்தால் அது காற்றை விரும்பும் ஒருவகை ஈஸ்ட். ஆடையையும் அதையொட்டிய தவிட்டையும் எடுத்துப் போட்டு, ஓரங்களைத் துடைத்து, மேலே கொஞ்சம் உப்பும் புதுத் தவிடும் தூவிப் பாரத்தைச் சரிசெய்யுங்கள். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புப் பூசணம் முள்ளங்கி வரை இறங்கியிருந்தால் சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் எறிந்துவிடுங்கள்.

வழவழப்பும் இளகலும் வந்தால் அரைகுறைக் காய்ச்சல், குறைந்த உப்பு, சூடான இடம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணம், பெரும்பாலும் முதலாவது. புளிப்பு தூக்கலாக இருந்தால் வெப்பத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா வேகமாக வேலை செய்திருக்கிறது. கெட்டதல்ல, குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிச் சீக்கிரம் தின்றுவிடலாம். கசப்பு என்றால் தவிட்டைச் சந்தேகியுங்கள். உப்புக் கரித்தால் மெல்லிய வில்லைகளாக அரிந்து பத்திருபது நிமிடம் நீரில் போட்டுப் பிழிந்தெடுத்தால் போதும்.

வெயில் ஊரில்

சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ முழு முள்ளங்கியைத் தொங்கவிட்டால் வெளித்தோல் இறுகி, உள்ளே காய்வதற்குள் அழுகத் தொடங்கும். நீளவாக்கில் நான்காகப் பிளந்து, காற்றோட்டமான கொடியில் இரண்டு மூன்று நாள் போடுங்கள். இரவில் உள்ளே எடுத்துவிடுங்கள். எடை பாதியானதும் காயவைப்பதை நிறுத்தி, 15% தவிடு, 5% உப்பு, 4% சர்க்கரை சேர்த்து, காற்றை வெளியேற்றிய பையில் அடைத்து, ஒருநாள் வெளியில் பாரத்தின் கீழ், பிறகு குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் நான்கு வாரம். தொட்டித் தக்குவானின் ஆழம் இதில் வராது, ஆனால் வினிகர் ஊறலுக்கும் இதற்கும் வித்தியாசம் முதல் கடியிலேயே தெரியும்.

அந்த வினிகர் ஊறலே போதும் என்பவர்களுக்கு: தோல் சீவிய முள்ளங்கி 1 கிலோ, சர்க்கரை 100 கிராம், உப்பு 30 கிராம், வினிகர் 50 மில்லி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. பையில் போட்டுக் குளிரில் வைத்துத் தினமும் புரட்டிவிடுங்கள். தண்ணீர் சேர்க்கவே வேண்டாம், ஒருநாளில் முள்ளங்கியே நீர்விட்டு மூழ்கும். மூன்றாம் நாள் தயார், இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கொரியாவின் கிம்பாப் எனும் கடற்பாசிச் சோற்றுச் சுருளுக்குள் இருக்கும் தன்முஜி ஏறக்குறைய இதன் உறவுதான். அரிவதற்கு முன் ஒருநாள் காற்றில் வாடவிட்டால் கடி தேறும்.

இப்படி நொதிக்காத, உப்புக் குறைந்த ஊறல்களில்தான் சுத்தம் மிக அவசியம். 2012 ஆகஸ்டில் ஜப்பானின் ஹொக்கைதோவில் லேசாக உப்பிட்ட சீன முட்டைக்கோஸ் ஊறுகாய் வழியாக ஓ157 ஈ.கோலை என்ற பாக்டீரியா பரவி 8 பேர் இறந்தார்கள். அதன்பின் உணவுச் சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2021 ஜூன் முதல் ஊறுகாய் செய்து விற்க உரிமமும் தனிச் சமையலிடமும் கட்டாயமாயின. ஏற்கெனவே விற்றுவந்தவர்களுக்கு 2024 மே கடைசிவரை அவகாசம் இருந்தது. இதன் அடி வட ஜப்பானின் அகித்தா மாவட்டக் கிராமங்களில் பலமாக விழுந்தது. பனி மூடி வெயில் கிடைக்காத அங்கே முள்ளங்கியை அடுப்புக்கு மேலே கட்டி, ஓக், செர்ரி விறகுப் புகையில் உலர்த்திப் பிறகு தவிட்டில் போடுவார்கள். இபுரிகாக்கோ என்ற அந்தப் புகை ஊறுகாய்க்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுக் கொட்டகையில் செய்து சந்தையில் விற்றுவந்த முதியவர்களில் பலர், புதுச் சமையலிடம் கட்டும் செலவை நினைத்து நிறுத்திவிட்டார்கள். சுகாதார விதி தேவைதான். ஆனாலும் நீண்ட நாள் உப்பில் நொதிக்கும் ஊறுகாயையும் ஒருநாள் ஊறலையும் ஒரே தட்டில் வைத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பரிமாறுவது, மிஞ்சியது

தவிட்டைக் கழுவி, ஈரம் துடைத்து, அரை சென்டிமீட்டர் வில்லைகளாகச் சாய்த்து அரியுங்கள். மெல்லியதாக அரிந்தால் கடிக்கும் சுகம் போய்விடும். வெறும் சோற்றுக்கும், பச்சைத் தேநீர் ஊற்றிய சோற்றுக்கும் இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. ஜென் மடங்களில் கடைசி வில்லை ஒன்றை மிச்சம் வைத்து, கிண்ணத்தில் ஊற்றிய சுடுநீரோடு அதனாலேயே கிண்ணத்தைத் துடைத்து, நீரைக் குடித்து வில்லையையும் தின்பார்கள். அரியாததைத் தவிட்டோடு சுற்றிக் குளிரில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும்.

வசந்தம் கடந்து மிகவும் புளித்துப்போன தக்குவானை எறியாதீர்கள். ஃபுகுயி, ஷிகா, கியோத்தோ பக்கத்தில் அதை வேகவைத்துத் தின்கிறார்கள். 300 கிராமை மெல்லிய வில்லைகளாக அரிந்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டுங்கள். பிறகு காய்ந்த சிறுமீன் போட்டு எடுத்த சாறு 300 மில்லி, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, மிரின் எனும் இனிப்பு அரிசி மது 2 மேசைக்கரண்டி, ஒரு மிளகாய் சேர்த்து, சாறு ஏறக்குறைய வற்றும்வரை சிறுதீயில் அரை மணி நேரம். மீன் வேண்டாதவர்கள் கொம்பும் காய்ந்த ஷிதாகே காளானும் ஊறிய நீரை எடுத்துக்கொள்ளலாம். அப்போது சோயா சாஸை அரைக் கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள்.